மலை ராகிக்கும் சாமைக்கும் என்ன உரம்? நான்கு வழிகளின் வரவு செலவு

கோத்தகிரிப் பக்கத்திலிருந்தும் கூடலூர்ப் பக்கத்திலிருந்தும் வாசகர்கள் சிலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை நிற்பதில்லை, மலைக்காய்கறிக்குச் செலவு தாங்கவில்லை, அரை ஏக்கரிலோ ஒரு ஏக்கரிலோ ராகி அல்லது சாமை போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். யூரியா போடுவதா, தொழுவுரம் மட்டும் போதுமா, ஒன்றுமே போடாமல் விட்டால்தான் என்ன? ஒருவர், "எங்கள் பாட்டி காலத்தில் யார் உரம் போட்டார்கள்?" என்றும் சேர்த்துக் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டி காலத்தில் ஓரிரு போகம் விதைத்துவிட்டு நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாக விட முடிந்தது. ஊருக்கு ஊர் எருமைப் பட்டிகள் இருந்தன. உரம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், காசு கொடுத்து வாங்கவில்லை, அவ்வளவுதான். இன்று தரிசு விட நிலமும் இல்லை, பட்டியும் இல்லை. அதனால் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் மண்ணின் புளிப்பு. நீலகிரி மண் பெரும்பாலும் அமில மண். புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேரைக் குட்டையாக்கும். நாம் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ராகி ஓரளவு புளிப்பைத் தாங்கும் பயிர், ஆனால் தாங்குவது வேறு, நன்றாக விளைவது வேறு. மண் பரிசோதனை செய்யாமல் உரக்கடைக்குப் போவதில் அர்த்தம் இல்லை.

பரிசோதனைச் சீட்டில் இன்னொரு இடமும் ஏமாற்றும். நம் மலைமண் கறுப்பாக, மக்கு (மக்கிய இலைதழை) நிறைந்து இருப்பதால் 'அங்ககக் கரிமம்: அதிகம்' என்று வரும். அப்படி வந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். குளிரில் மக்கு மெதுவாகத்தான் சிதையும். சமவெளியில் அதே அளவு மக்கு தரும் தழைச்சத்து இங்கே அதே வேகத்தில் வராது. உயரமான இடங்களில், அதுவும் மேகம் மூடிய ஜூலை ஆகஸ்டில், கறுப்பு மண்ணில் நிற்கும் பயிர் வெளிறிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, மழையும் சரிவும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரிச் சரிவில் வடகிழக்குப் பருவமழைதான் கைகொடுக்கும். மசினகுடி, மாயார் பக்கம் மழை குறைவு. யூரியா தண்ணீரில் கரைவது. கனமழைக்கு முந்தின நாள் போட்டால் பாதி ஓடைக்குப் போகும்.

மூன்றாவது, பயிர் நிற்குமா சாயுமா. தழைச்சத்து தூரையும் இலையையும் கூட்டும். மணிச்சத்து வேருக்கு. சாம்பல்சத்து (பொட்டாசியம்) தண்டுக்கு உறுதியும் மணிக்கு நிறைவும் தரும். முதலாவதை மட்டும் கூட்டினால் பயிர் பார்க்க அழகாக இருக்கும், காற்றடித்தால் படுத்துக்கொள்ளும். ராகிக்குக் குலைநோய் வேறு வரும். ஈரமும் பனியும் உள்ள இடத்தில் தழைச்சத்து மிகுந்த ராகி அந்தப் பூசணத்துக்கு விருந்து.

நான்காவது, செலவை மீட்க எத்தனை கிலோ தானியம் கூடுதலாக விளைய வேண்டும். 'மகசூல் எவ்வளவு கூடும்' என்பதைவிட இதைக் கேட்பதே நல்லது.

கடைசியாக, வாங்குபவர் யார். ராகிக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. 2024-25-இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், 2025-26-இல் 4,886 ரூபாய். சாமைக்கும் தினைக்கும் தனியாக அப்படி ஒன்று கிடையாது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வகைக் கொள்முதலுக்குப் போகும் ராகிக்கு, தொழுவுரத்தில் விளைந்ததா யூரியாவில் விளைந்ததா என்ற பேச்சே இல்லை. இயற்கை விளைபொருள் என்று பெயர் சொல்லி விற்கும் கடைக்குப் போனால் முதல் கேள்வியே அதுதான்.

## கணக்குக்கு வைத்துக்கொண்ட விலைகள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி ராகிக்கு எக்டருக்கு 40:20:20 கிலோ தழை, மணி, சாம்பல்சத்தைப் பரிந்துரைக்கிறது. இறவைக்கு (பாசனப் பயிருக்கு) 60:30:30. சாமைக்கும் தினைக்கும் 44:22:0. இவற்றோடு எக்டருக்கு 12.5 டன் தொழுவுரம் உண்டு. பலர் இந்தக் கடைசி வரியைப் படிப்பதில்லை.

மானாவாரி ராகி ஒரு ஏக்கருக்கு இது 16:8:8. அதாவது யூரியா 35 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ. யூரியா 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய் என்பதால் அதற்கு 210 ரூபாய்க்குள்தான் ஆகும். சூப்பருக்கு 600, பொட்டாஷுக்கு 450 என்று வைத்துக்கொள்கிறேன். தொழுவுரம் மலைக்கு வந்து இறங்கும் விலை டன்னுக்கு 1,500, ஆள்கூலி நாளுக்கு 500, இவையும் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

| வழி (1 ஏக்கர் மானாவாரி ராகி) | உரமும் ஆள்கூலியும் (ரூ.) | ஆதரவு விலையில் செலவை மீட்க வேண்டிய கூடுதல் தானியம் | பெரிய ஆபத்து |
|---|---|---|---|
| காய்கறிக்குப் பின், மிச்ச உரத்தில் | 0 முதல் 560 | 0 முதல் 12 கிலோ | சாய்தல் |
| தொழுவுரம் மட்டும், 5 டன் | 8,500 | 174 கிலோ | முதல் ஆண்டில் கைப்பணம் |
| ரசாயன உரம் மட்டும், முழு அளவு | 1,760 | 36 கிலோ | புளிப்பு, மழையில் இழப்பு |
| பாதி தொழுவுரம், பாதி ரசாயன உரம் | 5,530 | 113 கிலோ | இயற்கைச் சான்று கிடைக்காது |

அட்டவணையைப் பார்த்ததும் மூன்றாவது வரியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். அதில் வராத செலவுகள்தான் மீதிக் கட்டுரை.

## வழி 1: காய்கறிக்குப் பின், மிச்ச உரத்தில்

கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மாற்றி மாற்றிப் போடும் நிலங்களுக்கு இது. காய்கறிக்குப் போடும் கலப்பு உரமும் கோழி எருவும் ராகி கேட்பதைவிடப் பல மடங்கு. அதில் மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடுத்த பயிருக்கும் அதற்கடுத்த பயிருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இப்படிப்பட்ட நிலத்தில் ராகிக்கு அடியுரம் போடுவது வீண் செலவு. முளைத்த நாலு வாரத்தில் பயிர் வெளிறினால் மட்டும் 10 கிலோ யூரியா, ஒரு ஆள் கூலி. அட்டவணையில் இருக்கும் 560 அதுதான்.

மறைந்திருக்கும் செலவு சாய்தலில் வரும். நாட்டுச் சாமை உயரமாக வளரும், தண்டு மெல்லியது. கோழி எரு போட்ட கேரட் நிலத்தில் அதை விதைத்தால் மணி பிடிக்கும் நேரத்தில் மொத்தமாகப் படுத்துவிடும். படுத்த கதிரை அறுத்து அடித்தால் மண்ணும் கல்லும் சேர்ந்துதான் வரும், அரிசியாக்கும் ஆலையில் அதற்கு விலை குறையும், சில இடத்தில் வாங்கவே மாட்டார்கள். ஆகவே இந்த நிலத்தில் ராகி போடுங்கள், சாமையை விட்டுவிடுங்கள்.

இந்த வழி யாருக்கு? காய்கறிச் சுழற்சிக்கு நடுவில் நிலத்துக்கு ஒரு மாற்றம் கொடுக்க நினைப்பவருக்கு. ஒரே குடும்பத்துக் காய்கறிகளைத் தொடர்ந்து போட்டு நோய் ஏறிய நிலத்துக்கு ஒரு புல்லினப் பயிர் நல்லது. ராகியின் லாபத்தை ராகியில் மட்டும் பார்க்காமல் அடுத்த கேரட்டிலும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

## வழி 2: தொழுவுரம் மட்டும்

எல்லோருக்கும் மனதுக்குப் பிடித்த வழி, எனக்கும்தான். ஆனால் கணக்கு கடுமையானது.

நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 0.5 சதவீதம். 5 டன்னில் 25 கிலோ. பரிந்துரை 16 கிலோதானே, தாராளம் என்று தோன்றும். அந்த 25 கிலோவில் முதல் பயிருக்குக் கிடைப்பது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 6 முதல் 8 கிலோ. குளிரான இடத்தில் இன்னும் குறையும். மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும். சாம்பல்சத்து மட்டும் முதல் ஆண்டிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும். அதனால்தான் தொழுவுரத்தில் நிற்கும் ராகி உயரம் குறைந்தாலும் தண்டு உறுதியாக இருக்கிறது.

ஆக, 8,500 ரூபாயை ஒரே ஆண்டில் மீட்கப் பார்த்தால் 174 கிலோ கூடுதல் ராகி வேண்டும். மானாவாரியில் தொழுவுரத்தால் மட்டும் முதல் ஆண்டே அவ்வளவு கூடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 58 கிலோ, அது நடக்கக்கூடியது.

இதையே விற்பனைப் பக்கமிருந்து பாருங்கள். இயற்கை ராகி என்று கிலோ 70 ரூபாய்க்கு எடுக்க ஒரு கடையோ உழவர் குழுவோ தயாராக இருந்து, உங்களுக்கு 500 கிலோ விளைந்தால், ஆதரவு விலையைவிட 10,570 ரூபாய் கூடுதல். தொழுவுரச் செலவு அங்கேயே வந்துவிட்டது, மகசூல் ஒரு கிலோகூடக் கூடாவிட்டாலும். ஆகவே இந்த வழியின் லாபம் வயலில் இருப்பதைவிட விற்கும் இடத்தில்தான் இருக்கிறது. வாங்குபவரை உறுதி செய்யாமல் தொழுவுரம் இறக்குவது தலைகீழ் வேலை.

அப்புறம், யாரும் சொல்லாத சில செலவுகள்.

சான்று. விவசாயிகளே ஒருவரையொருவர் சரிபார்த்துச் சான்று தரும் பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுவாகச் சேர்ந்தால் செலவு குறைவு. தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை வழியாகவும் வாங்கலாம். எதுவானாலும் மாறுதல் காலம் என்று ஒன்று இருக்கிறது, இன்றைக்கு யூரியாவை நிறுத்தி நாளைக்கே சான்று கிடைக்காது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடித்தால் உங்கள் வரப்போரம் ஒரு இடைவெளிப் பட்டை விட வேண்டும். அரை ஏக்கரில் அந்தப் பட்டை சின்ன இழப்பு இல்லை.

அரைகுறையாக மக்கிய எரு. அதில் களை விதையும் வேர்ப்புழுவும் சேர்ந்தே வரும். களை எடுக்கும் கூலி ஒரு ஆள் கூடினாலே யூரியா மூட்டை விலையைத் தாண்டிவிடும். மண்புழு பெருகினால் மகிழ்ச்சிதான், ஆனால் காட்டுப்பன்றிக்கும் அதே மகிழ்ச்சி. எரு போட்ட வயலைக் கிளறிப் போடும். காட்டோரத்தில் இருப்பவர்கள் எருவை மண்ணோடு நன்றாகக் கலந்துவிடுவது நல்லது.

கீழ்க்கோத்தகிரிப் பக்கமோ கரிக்கையூர் மாதிரி சரிவுக் கிராமங்களிலோ ஆடு மாடு வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. எருவுக்கு விலை இல்லை, சுமந்து போடும் உழைப்பு மட்டும்தான். ஆட்டுக்கிடை போட முடிந்தால் சுமக்கவும் வேண்டாம், ஆட்டு மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்தும் மண்ணிலேயே இறங்கும். அவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

## வழி 3: ரசாயன உரம் மட்டும்

36 கிலோ ராகி கூடுதலாக விளைந்தால் செலவு வந்துவிடும். ஏக்கருக்கு 36 கிலோ என்பது பெரிய விஷயமே இல்லை. சத்துக் குறைந்த நிலத்தில், மழை சரியாக இருந்தால், அதைவிட நிறையவே கூடும். இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

இனி மறைந்திருப்பவை. யூரியா மண்ணைப் புளிக்க வைக்கும். அதில் வரும் ஒவ்வொரு கிலோ தழைச்சத்துக்கும் ஏறக்குறைய 1.8 கிலோ சுண்ணாம்பு போட்டால்தான் அந்தப் புளிப்பு சமனாகும். 16 கிலோவுக்கு 29 கிலோ. அம்மோனியம் சல்பேட் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும், ஏற்கெனவே புளித்த மலைமண்ணுக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சுண்ணாம்புக்காக நாம் போடும் டோலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்லின் தூள்) 29 கிலோ பெரிய செலவில்லை, தேயிலைக்காகவே அது நம் பக்கம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் போடுவதில்லை. ஒரு ஆண்டு விட்டால் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து அதே உரத்துக்குப் பயிர் அசையாமல் நிற்கும்போது 'உரத்தில் கலப்படம்' என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

டோலமைட்டை விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். யூரியாவோடும் தொழுவுரத்தோடும் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

யூரியாவை ஒரே தவணையில் கொட்டாதீர்கள். பாதி அடியுரம், பாதி மூன்று நான்கு வாரம் கழித்துக் களை எடுத்த கையோடு. கூடலூர் மழைக்கு மூன்று தவணைகூட நல்லது. களை எடுக்காமல் மேலுரம் போட்டால் ராகிக்கு முன்னால் களை தின்றுவிடும். மூட்டையைச் சாலையிலிருந்து வயலுக்குத் தலைச்சுமையாகக் கொண்டு போக வேண்டிய ஊர்களில் அந்தக் கூலியும் உண்டு. மூட்டை வாங்க ஆதார் அட்டையும் கைரேகையும் கேட்கும் இயந்திரம் சிக்னல் இல்லாத நாளில் நின்றுவிட்டால், மழைக்கு முன் போட நினைத்த உரம் மழைக்குப் பின்தான் வரும்.

சூப்பர் பாஸ்பேட்டுக்குப் பதில், தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டி.ஏ.பி. போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகின்றன, டி.ஏ.பி.யில் இல்லை. மலைமண்ணுக்கு நான் சூப்பரைத்தான் எடுப்பேன். ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறையின் பொடி) புளிப்பு மண்ணில் கரையும் என்பது உண்மை, தேயிலைக்கும் காப்பிக்கும் சரி. நாலு மாதப் பயிருக்கு அது வந்து சேர்வதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

தாள் கணக்கும் இங்கே உண்டு. தழைச்சத்து கூடினால் ராகித் தாளும் கூடும், மாடு வைத்திருப்பவருக்கு அது வரவுதான். பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பகுதி தாளில்தான் இருக்கிறது. தாளை வருடா வருடம் வெளியே விற்றுவிட்டுப் பொட்டாஷையும் மிச்சப்படுத்தினால் நிலம் வெறுமையாகிவிடும். தாளைத் தின்ற மாட்டின் எரு அதே வயலுக்குத் திரும்பினால் கவலையில்லை.

சாமைக்கு இந்த வழி வேண்டாம். நாட்டு ரகம் என்றால் அறவே வேண்டாம். அத்தியந்தல் ஆராய்ச்சி மையத்தின் ஏ.டி.எல். 1 போன்ற மேம்பட்ட ரகம் போட்டால் பரிந்துரையில் பாதி கொடுத்துப் பார்க்கலாம்.

## வழி 4: பாதிக்குப் பாதி

2.5 டன் தொழுவுரம், ரசாயன உரத்தில் பாதி, அதோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரம். அளவு பாதிதான் என்றாலும், எருவும் உரமும் சேர்த்துப் போடச் சொல்லும் பல்கலைக்கழகப் பரிந்துரைக்கு நான்கில் இதுதான் நெருக்கம். தொழுவுரம் மணிச்சத்தை இரும்பு பிடித்துக்கொள்ளாமல் ஓரளவு காக்கும். யூரியா, குளிரில் மக்கு தர மறுக்கும் தழைச்சத்தை நேரத்துக்குக் கொடுக்கும். ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது.

நுண்ணுயிர் உரத்தைப் பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிகவும் புளித்த மண்ணில் அசோஸ்பைரில்லம் பெரிதாக வேலை செய்யாது. வேர்ப்பூசணம், அதாவது மைக்கோரைசா, ராகி வேரோடு நன்றாகச் சேரும், மணிச்சத்தை எட்டாத இடத்திலிருந்து இழுத்து வரும். நாற்றங்காலில் இட்டு நடுபவர்கள் இதற்குச் செலவிடுவதில் அர்த்தம் உண்டு. யூரியாவோடு நுண்ணுயிர் உரத்தைக் கலந்து வீசுகிறவர்கள் காசைத்தான் வீசுகிறார்கள்.

இதன் விலை, இயற்கை என்ற பெயரை விட்டுக்கொடுப்பது. செலவை மீட்க 113 கிலோ கூடுதலாக விளைய வேண்டியிருக்கிறது, கூடுதல் விலை கிடையாது. ஆகவே ரேஷன் கொள்முதலுக்கோ சந்தைக்கோ ராகி கொடுப்பவர், எருவில் ஒரு பகுதியாவது வீட்டிலேயே வைத்திருப்பவர், நிலத்தைத் தொடர்ந்து வைத்திருக்கப்போகிறவர், இவர்களுக்கு இது ஏற்றது. எரு முழுவதையும் வெளியே வாங்க வேண்டுமானால் நான்காவது வழி அரைகுறைதான். அப்போது எருவை 1 டன்னாகக் குறைத்து நாற்று நடும் வரிசையில் மட்டும் போடலாம்.

## எனக்கு இது, உனக்கு அது

சொந்த ஆடு மாடு இருந்தால் இரண்டாவது வழி. காய்கறி நிலமென்றால் முதலாவது. பெயர் சொல்லி வாங்கக் கடை இருந்தால் எருவை விலைக்கு வாங்கியாவது இரண்டாவது. பி.எச். 5-க்குக் கீழே இருந்தால் எந்த வழியானாலும் முதல் செலவு டோலமைட்டுக்கு, உரம் அப்புறம். யானையும் காட்டெருமையும் இறங்கும் இடமென்றால் உரத்தில் குறைத்துக் காவலுக்கு ஒதுக்குங்கள். விளைந்ததை வீட்டுக்குக் கொண்டு வருவதுதான் அங்கே பெரிய செலவு.

குத்தகை நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். 5 டன் எரு இறக்கினால் அதன் பலனில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வரும். அப்போது நிலம் உங்கள் கையில் இருக்குமா என்று தெரியாது. ஓராண்டுக் குத்தகையில் ராகி போடுபவர் பாதி அளவு ரசாயன உரம், 30 கிலோ டோலமைட், இரண்டு தவணை யூரியா என்று நிறுத்திக்கொள்வதே சரி. மூன்று ஆண்டுக்கு எழுதிக் கொடுக்க நிலக்காரர் சம்மதித்தால், அல்லது எருச் செலவில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டால், நான்காவது வழிக்குப் போகலாம். அந்தப் பேச்சை விதைப்புக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.